ஓசைக்குள் சுரம் கண்ட ஹெல்ம்ஹோல்ட்ஸ்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

பெரியோர்களின் வாழ்க்கை வரலாற்றைப் படிப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. தேர்வில் மதிப்பெண் கிடைக்கும் என்பதற்கு மேல் எனக்கும் ஒரு காலத்தில் விடை தெரியாது. இரண்டாம் ஆண்டில் ஒலியியல் பாடம் நடந்தபோது, ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வி என்ற பெயர் எனக்கு ஓர் ஐந்து மதிப்பெண் வினாவாகவே அறிமுகமாயிற்று. படம் வரைந்து, வாய்பாட்டை வருவித்து, அடிக்கோடிட்டு எழுதினால் முழு மதிப்பெண். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் வாழ்ந்தார் என்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

நினைக்க வைத்தது ஒரு மரப்பெட்டியும் அன்று, புத்தகமும் அன்று, ஒரு தகரப்பெட்டி. என் தந்தை வேலை செய்யும் மர அறுவை மில்லில், வட்ட ரம்பத்தைச் சுற்றி அடைத்த தகரப்பெட்டி. அந்தப் பெட்டியின் கதையையும், அதைப் புரிந்துகொள்ள எனக்குக் கை கொடுத்த மாமேதையின் கதையையும் சேர்த்தே இங்கே சொல்ல விரும்புகிறேன். முதலில் மேதையின் கதை.

இளமைப் பருவம்

ஹெர்மான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1821ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், பிரஷ்ய நாட்டின் போட்ஸ்டாம் நகரில் பிறந்தார். தந்தை அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர். மொழியும் தத்துவமும் கற்பித்தவர். ஆசிரியர் வீடு என்றால் எப்படி இருக்கும்? நூல்கள் நிறைய இருக்கும். பணம் குறைவாக இருக்கும். அந்த வீடும் அப்படித்தான் இருந்தது.

பிள்ளையோ நோயாளிப் பிள்ளை. இளம் வயதில் பல நாட்கள் படுக்கையிலேயே கழிந்தன. விளையாட்டுக்குக் கிடைத்தவை மரக்கட்டைகள். சதுரமும் முக்கோணமுமான அந்தக் கட்டைகளை அடுக்கி அடுக்கியே, பள்ளியில் வடிவியல் பாடம் தொடங்கும் முன்னரே அதன் உண்மைகளில் பாதியை அவர் கண்டுகொண்டிருந்தார். ஆனால் தொடர்பில்லாத செய்திகளை மனப்பாடம் செய்வது மட்டும் அவருக்கு வரவே இல்லை. இலத்தீன் வகுப்பில் சிசரோவையும் வர்ஜிலையும் மற்றவர்கள் படித்துக் கொண்டிருக்க, இவர் மேசைக்கடியில் தொலைநோக்கிக்குள் ஒளிக்கதிர் செல்லும் பாதையைக் கணக்கிட்டுக் கொண்டிருப்பாராம். கடைசி வரிசை நண்பர்கள் இதைப் படித்து மகிழலாம். ஆனால் மேசைக்கடியில் அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்!

இயற்பியல் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குச் செலவிடத் தந்தையிடம் பணமில்லை. மருத்துவம் படித்தால் அரசாங்கமே படிக்க வைக்கும். ஆனால் படித்து முடித்தபின் படையில் மருத்துவராகப் பல ஆண்டுகள் பணியாற்றித் தீர வேண்டும். தந்தை அந்த வழியைக் காட்டினார், மகன் ஏற்றுக்கொண்டார். 1838இல் பெர்லின் நகரின் படை மருத்துவக் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். விரும்பிய பாடம் கிடைக்காமல் கிடைத்த பாடத்தில் சேர்ந்தவர்கள் நம் கல்லூரியிலும் பலர் இருக்கிறோம். உதவித்தொகையை நம்பிப் படிப்பவர்களும் பலர் இருக்கிறோம். அதனால்தான் இந்த இடம் என் மனத்தைத் தொட்டது.

கிடைத்த பாடத்தை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை. விரும்பிய பாடத்தை மறக்கவும் இல்லை. கல்விக்கூட நூலகத்தில் உதவியாளராக வேலை செய்துகொண்டே ஆய்லர், பெர்னூலி, லாக்ராஞ்சு முதலிய கணித மேதைகளின் நூல்களைத் தாமே கற்றார். 1841இல் அவருக்குக் கடும் காய்ச்சல் கண்டது. கல்விக்கூட மாணவர் என்பதால் மருத்துவமனையில் செலவில்லாமல் சிகிச்சை கிடைத்தது. நோய் நீங்கி எழுந்தபோது, செலவாகாத உதவித்தொகை கையில் சேர்ந்திருந்தது. வேறொருவராக இருந்தால் நல்ல உடை வாங்கியிருப்பார். அவர் ஒரு நுண்ணோக்கி வாங்கினார். அந்த நுண்ணோக்கியைக் கொண்டு நரம்புகளை ஆராய்ந்து 1842இல் மருத்துவ முனைவர் பட்டமும் பெற்றார்.

படைமுகாமில் ஓர் ஆய்வுக்கூடம்

1843இல் போட்ஸ்டாம் படைமுகாமில் மருத்துவராகப் பணியேற்றார். முகாமிலேயே ஒரு சிறு ஆய்வுக்கூடத்தை அமைத்துக்கொண்டார். தசை அசையும்போது உண்டாகும் வெப்பம் எங்கிருந்து வருகிறது? உயிருக்கென்று தனியாக ஓர் ஆற்றல் உண்டா? இல்லை, உண்ட உணவின் ஆற்றலே உருமாறி வெளிப்படுகிறதா? இந்தக் கேள்விகளின் முடிவில், ஆற்றல் அழிவதில்லை, ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாறுகிறது என்ற பேருண்மையைக் கணித வடிவில் எழுதி, 1847ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் பெர்லின் இயற்பியல் கழகத்தில் படித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. புகழ்பெற்ற ஆய்விதழ் ஒன்று அந்தக் கட்டுரையை வெளியிட மறுத்துவிட்டது. அவர் அதைத் தனிச் சிறுநூலாக வெளியிட்டார். மறுக்கப்பட்ட அந்தக் கட்டுரைதான் இன்று ஆற்றல் அழியா விதியின் அடிப்படை நூல்களுள் ஒன்று.

இதன் பின் படைப்பணியிலிருந்து அவருக்கு முன்கூட்டியே விடுதலை கிடைத்தது. 1849இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியரானார். அங்கே அவர் செய்தவை இரண்டு அருஞ்செயல்கள். ஒன்று, நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளந்தது. அளக்கவே முடியாத வேகம் என்று பலர் கருதிய அதைத் தவளையின் நரம்பில் அளந்து, வினாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர்தான் என்று காட்டினார். மற்றொன்று, உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கும் கண்ணோக்கி. அட்டையும் பசையும் மூக்குக் கண்ணாடி வில்லையும் கொண்டு முதலில் செய்த அக்கருவியை 1851இல் உலகுக்கு அறிவித்தார். கண் மருத்துவம் அன்றிலிருந்து புதுப்பாதையில் நடந்தது.

ஓசையைப் பிரித்தவர்

1855இல் பான், 1858இல் ஹைடல்பெர்க் எனப் பல்கலைக்கழகங்கள் மாறின. கண்ணை ஆராய்ந்தவர் காதின் பக்கம் திரும்பினார். அந்த ஆண்டுகள் அவருக்கு எளிதான ஆண்டுகள் அல்ல. 1859இல் தந்தை மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில், நெடுநாள் நோயுற்றிருந்த மனைவி ஓல்காவும் இரு குழந்தைகளை விட்டு மறைந்தார். துயரத்தின் நடுவிலும் ஆய்வு நிற்கவில்லை. 1861இல் அன்னா என்ற அம்மையாரை மறுமணம் செய்துகொண்டார். 1863இல் இசையொலி உணர்வு பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது.

அந்நூலின் மையமான கேள்வி மிக எளியது. ஒரே சுரத்தை வீணையில் மீட்டினாலும், குழலில் ஊதினாலும், வாயால் பாடினாலும் நம் காது வேறுபாட்டை அறிகிறதே, எப்படி? ஒவ்வோர் ஒலியும் ஒற்றை ஒலி அன்று, பல எளிய சுரங்களின் கூட்டு என்பதே விடை. அடிப்படைச் சுரத்தோடு மேற்சுரங்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே ஒலியின் பண்பு அமைகிறது.

கூட்டில் கலந்திருப்பதைத் தனித்தனியாகக் கேட்பது எப்படி? அதற்காக அவர் உருவாக்கியதுதான் நம் பாடப்புத்தகத்தில் உள்ள ஒத்ததிர்வி. கண்ணாடியாலோ பித்தளையாலோ ஆன உள்ளீடற்ற கோளம். ஒரு பக்கம் அகன்ற வாய். எதிர்ப்பக்கம் காதில் பொருந்தும் சிறு முனை. கோளத்துக்குள் இருக்கும் காற்று ஒரு சுருள்வில் போலவும், வாய்ப்பகுதியில் இருக்கும் காற்று அந்த வில்லில் கட்டிய எடை போலவும் செயல்படுகின்றன. கோளத்தின் கொள்ளளவையும் வாயின் அளவையும் பொறுத்து அதற்கென்று ஒரே ஓர் இயல்பான சுரம் உண்டு. ஒரு காதை அடைத்துக்கொண்டு, மறு காதில் இதைப் பொருத்திக்கொண்டால் மற்ற ஒலிகள் மங்கும். கோளத்துக்கு உரிய சுரம் மட்டும் காதுக்குள் கணீரென்று ஒலிக்கும். வெறும் சொம்பைக் காதருகே பிடித்தால் உம் என்று ஓர் இரைச்சல் கேட்கிறதே, அதுவும் இதுவே. சொம்பு எதையும் புதிதாகப் படைக்கவில்லை. சுற்றியுள்ள ஓசையிலிருந்து தனக்கு உரியதைப் பொறுக்கி எடுத்து வளர்க்கிறது.

வெவ்வேறு அளவுள்ள கோளங்களை வரிசையாக வைத்துக்கொண்டு அவர் உலகத்தையே கேட்டார். இசைக்கருவிகளை மட்டும் கேட்கவில்லை. காற்றின் ஊளையிலும், வண்டிச் சக்கரத்தின் கடகடப்பிலும், நீர் தெறிக்கும் சத்தத்திலும் கூடத் தம் கோளத்தின் சுரம் இடையிடையே தலைகாட்டுவதைக் கண்டார். சத்தம் என்று நாம் ஒதுக்கித் தள்ளுவதற்குள்ளும் சுரங்கள் மறைந்திருக்கின்றன என்பது இதன் பொருள்.

இன்னொரு கருவியையும் இங்கே சொல்ல வேண்டும். அது சைரன். நம் ஊர் ஆலைகளில் ஊதும் சங்கின் தாய் அது. வட்டத் தகட்டில் துளைகளிட்டுச் சுழற்றி, அதன்மேல் காற்றைச் செலுத்தினால், துளைகள் காற்றைத் துண்டு துண்டாக வெட்டும், சுரம் பிறக்கும். துளைகளின் எண்ணிக்கையை வினாடிக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கினால் அதிர்வெண் கிடைத்துவிடும். இவ்வகைச் சைரன் இரண்டை ஒரே அச்சில் இணைத்து இரட்டைச் சைரன் ஒன்றை ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைத்தார். துளைகளுக்குப் பதிலாகப் பற்கள் இருந்தால்? அதுதான் வட்ட ரம்பம்! இந்த எண்ணம் எனக்கு நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. அன்று மாலை பேருந்து பிடிக்காமல் நேராக மில்லுக்கு நடந்தேன்.

தகரப்பெட்டியின் கதை

என் தந்தை அந்த மில்லில் இருபத்தெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். மில்லைச் சுற்றி வீடுகள் பெருகியபின், சத்தம் தாங்க முடியவில்லை என்று அக்கம்பக்கத்தார் முறையிட்டார்கள். முதலாளி, வட்ட ரம்பத்தின் மேசைக்கு அடியிலும் மேலும் தகரத்தால் ஒரு பெட்டி அடைத்தார். சத்தத்தைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டால் வெளியே வராது என்பது எண்ணம். நடந்தது வேறு. மரம் கொடுக்காமல் ரம்பம் வெறுமனே சுழலும்போது, முன்பு இல்லாத ஓர் ஊளைச் சத்தம் கிளம்பியது. தெருமுனை வரை கேட்டது. ரம்பம் கோணிவிட்டது என்றார் ஒருவர். தாங்கி தேய்ந்துவிட்டது என்றார் மற்றொருவர். பற்களுக்கு இருமுறை அரம் போட்டும் ஊளை நிற்கவில்லை.

என் தந்தை மட்டும் ஓடும் ரம்பத்தின் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, கத்துவது ரம்பம் அல்ல, பெட்டிதான் என்று சொன்னார். காது மந்தமானவர் சொல்வதை யார் கேட்பார்கள்? நானும் கேட்கவில்லை.

ஹெல்ம்ஹோல்ட்ஸைப் படித்தபின் கணக்கிட்டுப் பார்த்தேன். ரம்பத்தில் 24 பற்கள். மோட்டாரின் அச்சிலேயே மாட்டியிருப்பதால் நிமிடத்துக்கு 1440 சுற்று. அதாவது வினாடிக்கு 24 சுற்று. இருபத்து நான்கை இருபத்து நான்கால் பெருக்கினால் 576. ரம்பத்தின் சுரம் 576 ஹெர்ட்ஸ். இனிப் பெட்டி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 60 சென்டிமீட்டர். நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியில், ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். அந்த இடைவெளியில் ஒரு முழு அலை சரியாக அடங்கும் அதிர்வெண் ஏறத்தாழ 582. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் ஆறு!

ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்பத் தள்ளினால் சிறு விரல் போதும், உயர எழும்பும். ரம்பத்தின் பற்கள் வினாடிக்கு 576 முறை பெட்டிக் காற்றைத் தள்ளின. பெட்டியின் போக்கும் ஏறத்தாழ அதுவே. தகரச் சுவர் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அடிக்க, உள்ளே நிலையலை வளர்ந்தது. மரம் நுழைய விட்டிருந்த திறப்பு அதை ஊருக்கு அறிவித்தது. கோளத்தின் ஒத்ததிர்வும் பெட்டியின் ஒத்ததிர்வும் வகையில் வேறு. கோளத்தில் காற்று முழுதும் ஒரே வில்லாக இயங்குகிறது, பெட்டியில் சுவருக்கும் சுவருக்கும் இடையே அலை நிற்கிறது. ஆனால் இரண்டும் சொல்லும் பாடம் ஒன்றே. அடைபட்ட காற்று ஒலியை அடக்குவதில்லை. தன்னோடு ஒத்துப்போவதைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறது.

கைப்பேசியில் ஒலியைப் பிரித்துக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஹெல்ம்ஹோல்ட்ஸ் வரிசை வரிசையாகப் பித்தளைக் கோளங்களை வைத்துச் செய்த வேலையை இன்று அது ஒரு திரையில் செய்துவிடுகிறது. ஊளை எழும்போது 576க்கு அருகில் ஒரு கோடு தென்னைமரம் போல் நிமிர்ந்து நின்றது. தந்தையின் உள்ளங்கை சொன்னது சரி!

எங்கள் துறைப் பேராசிரியரிடம் கணக்கைக் காட்டினேன். பிழையில்லை என்று சொன்னதோடு, இரண்டு வழிகளும் காட்டினார். ஒன்று, 30 பற்கள் உள்ள தகட்டை மாற்றுவது. அப்போது ரம்பத்தின் சுரம் 720 ஆகிவிடும். அதே சுவர்களுக்கு இடையே அடுத்த ஒத்ததிர்வு 873இல்தான் வரும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் தப்பித்துக்கொள்ளலாம். மற்றொன்று, பெட்டியின் உட்சுவரில் தீப்பிடிக்காத கனிமப் பஞ்சைப் பதித்து, அதன்மேல் துளையிட்ட தகட்டை மூடுவது. பஞ்சின் நுண்ணிய இடுக்குகளில் காற்று உராய்ந்து, ஒலியின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடும். ஆற்றல் அழிவதில்லை, உருமாறுகிறது! போட்ஸ்டாம் படைமுகாமில் எழுதிய விதி எங்கள் ஊர் மரமில்லிலும் வேலை செய்தது. தென்னை நாரையோ பருத்தியையோ வைக்கலாமே என்று நான் கேட்டதற்கு, ஆணியில் ரம்பம் பட்டால் பொறி பறக்கும், மரத்தூள் நடுவில் அது ஆபத்து என்று தடுத்தார்.

முதலாளியை இணங்கச் செய்யத்தான் நாளாயிற்று. இறுதியில் இரண்டையும் செய்தார். ஊளை ஒழிந்தது. எனினும் உண்மையைச் சொல்ல வேண்டும், சத்தம் ஒழியவில்லை. மரம் நுழையத் திறப்பு வேண்டுமே! பெட்டியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், மற்றச் சுவர் எத்தனை கனமாக இருந்தாலும், 20 டெசிபெலுக்கு மேல் குறைக்க முடியாது. பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் 10 டெசிபெல்தான். ரம்பம் மரத்தைக் கிழிக்கும் ஓசையோ திறப்பின் அருகிலேயே பிறக்கிறது. அதன் எதிரே நிற்பவர் என் தந்தை.

காதுக்குள் ஒரு யாழ்

இனிச் சொல்லப்போவது எனக்குக் கடினமான பகுதி.

எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக ஒரு குறை உண்டு. அப்பாவுக்குச் சொன்னது காதில் ஏறாது; ஏறாதது போல் நடிக்கிறார் என்பது அம்மாவின் கட்சி. கூப்பிட்டால் திரும்புகிறார், குரல் கேட்கிறது. ஆனால் காய் வாங்கி வரச் சொன்னால் பாய் எடுத்து வருகிறார். நாங்கள் சிரித்திருக்கிறோம். சில நேரம் எரிந்து விழுந்திருக்கிறோம். நானும் விழுந்திருக்கிறேன்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் காதைப் பற்றி ஒரு கருத்தை வெளியிட்டார். பியானோவின் முன் நின்று, கம்பிகளைத் தடையின்றி விட்டு, ஒரு சுரத்தைப் பாடினால் அந்தச் சுரத்துக்கு உரிய கம்பிகள் மட்டும் தாமே அதிர்ந்து பதில் சொல்லும். அதுபோல உட்காதின் நத்தைச் சுருளுக்குள் இருக்கும் சவ்வின் இழைகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கு ஒத்ததிர்கின்றன என்றார் அவர். தனித்தனிக் கம்பிகள் போல் அல்ல, அலை ஒன்று சவ்வின்மீது ஓடி உரிய இடத்தில் உச்சம் அடைகிறது என்று பின்னாளில் பெக்கேசி என்ற அறிஞர் ஆய்ந்து காட்டி, 1961இல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் ஒவ்வொரு சுரத்துக்கும் காதுக்குள் ஓர் இடம் உண்டு என்ற ஹெல்ம்ஹோல்ட்ஸின் அடிப்படை எண்ணம் இன்றும் நிலைத்து நிற்கிறது. உயர்ந்த சுரங்களுக்கு வாயிலருகே இடம். தாழ்ந்தவற்றுக்குச் சுருளின் உட்கோடியில் இடம்.

அந்த இடங்களில் ஒலியை உணர்பவை மயிர்ச்செல்கள். ஒரு காதில் ஏறத்தாழ பதினைந்தாயிரம் உண்டு. பெருஞ்சத்தம் நாள்தோறும் தாக்கினால் அவை மடியும். மனிதனுக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மடிபவை 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில் உள்ளவை. ஏன் அங்கே? அதற்கு ஒரு காரணம், நம் காதுத்துளையும் ஓர் அடைபட்ட காற்றுக்குழல்தான்! ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம்; ஒரு முனை மூடியது. ஆய்வகத்தில் இசைக்கவையை அடித்து நாம் காற்றுத் தம்பத்தின் நீளம் காண்கிறோமே, அதே கணக்குப்படி அது மூவாயிரத்தை ஒட்டிய அதிர்வெண்களை வளர்த்துவிடும். சேதமோ அதற்குச் சற்று மேலே விழும். தகரப்பெட்டி செய்ததை நம் காதும் நமக்கே செய்கிறது.

அரசு மருத்துவமனைக்குத் தந்தையை அழைத்துச் சென்றேன். செவித்திறன் வரைபடத்தில் கோடு நேராக வந்து, 4000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்திருந்தது. இரண்டு காதிலும். அந்தப் பள்ளத்தைப் பார்த்தபோதுதான் காயும் பாயும் எனக்கு விளங்கின. உயிரெழுத்துகளின் பண்பைத் தம் கோளங்களாலும் இசைக்கவைகளாலும் பிரித்து ஆராய்ந்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. வல்லின மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுட்பமான ஒலிகளோ மேலே இருக்கின்றன. ஆகவே காய், தாய், பாய், சாய் என்பவற்றில் ஆய் மட்டும் என் தந்தைக்குக் கேட்கிறது. முன்னால் நிற்கும் மெய் அவருடைய பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. அவர் நடிக்கவில்லை. எஞ்சியதை வைத்து ஊகித்துக்கொண்டிருந்தார். தவறாக ஊகித்தபோது நாங்கள் சிரித்தோம்.

அமெரிக்காவின் தொழில் நலவாழ்வு நிறுவனம் 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. அப்படியானால் 100 டெசிபெலில் பதினைந்து நிமிடம். வட்ட ரம்பத்தின் அருகில் 100 டெசிபெல் என்பது அரிதன்று. என் தந்தை நின்றது நிமிடக்கணக்கு அல்ல, இருபத்தெட்டு ஆண்டுகள். அந்தக் கூலியில்தான் நான் ஒலியியல் படித்தேன்.

நிறைவாழ்வு

ஹெல்ம்ஹோல்ட்ஸின் கதையை முடிக்க வேண்டும். 1871இல் அவர் பெர்லின் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியரானார். இளமையில் பணமில்லாமல் கைவிட்ட பாடம், ஐம்பதாவது வயதில் அவரைத் தேடி வந்தது! அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் ஹென்றிக் ஹெர்ட்ஸ். மின்காந்த அலைகளைச் செய்முறையில் மெய்ப்பித்தவர். அதிர்வெண்ணுக்கு நாம் எழுதும் அலகு அந்த மாணவரின் பெயரே. 1887இல் ஜெர்மனி நிறுவிய அளவையியல் ஆய்வு நிறுவனத்துக்கு முதல் தலைவராகவும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பணியாற்றினார். 1893இல் அமெரிக்கா சென்று திரும்பும்போது கப்பலில் விழுந்து அடிபட்டார். 1894ஆம் ஆண்டின் முதல் நாளில், முப்பத்தாறே வயதில், அருமை மாணவர் ஹெர்ட்ஸ் மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் ஆசிரியரும் மறைந்தார்.

அவருடைய இசையொலி நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு கடல் கடந்து சென்னைக்கும் வந்தது. அதைப் படித்து மனம் பறிகொடுத்த இளைஞர் ஒருவர், தம் வாழ்க்கையை உருவாக்கிய மூன்று நூல்களுள் ஒன்றாக அதைப் பின்னாளில் குறிப்பிட்டார். அவர் திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. இராமன். வயலினையும் மிருதங்கத்தையும் இராமன் ஆராய்ந்ததற்குப் பின்னால் ஹெல்ம்ஹோல்ட்ஸின் கோளங்கள் நிற்கின்றன. அரசுக் கல்லூரி நூலகத்தில் இருக்கும் ஒரு நூல் யாரை எங்கே கொண்டு சேர்க்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

நண்பர்களே! செல்வங்களில் எல்லாம் தலையாயது செவிச்செல்வம் என்றார் வள்ளுவர். அது கேள்வியறிவைக் குறித்தது. ஆனால் கேட்பதற்குச் செவி வேண்டுமே! விடுமுறையில் மில்லுக்கும் பட்டறைக்கும் வேலைக்குப் போகும் தோழர்கள் நம்மில் பலர். பழகிவிட்டது என்று சொல்லாதீர்கள். சத்தம் பழகிவிட்டது என்றால் காது தோற்றுவிட்டது என்று பொருள். காதுக்கவசம் கேளுங்கள், கிடைக்கும் வரை கேளுங்கள்.

கோளத்தைக் காதில் வைத்துக்கொண்டு வண்டிச் சக்கரத்தின் கடகடப்பைக் கேட்ட அந்தப் பேராசிரியரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். குழம்பிக் கிடப்பதைப் பிரித்துக் கேட்க அவர் கற்றுக்கொடுத்தார். ரம்பத்தின் ஓசையிலிருந்து பெட்டியின் ஓசையைப் பிரித்தேன். அது கணக்கில் முடிந்தது. தந்தையின் மௌனத்திலிருந்து அவருடைய குறையைப் பிரித்தறியத்தான் எனக்கு இத்தனை காலம் ஆயிற்று.

இப்போது வீட்டில் நாங்கள் அவருக்கு எதிரே சென்று, முகம் பார்த்து, நிறுத்திப் பேசுகிறோம். காய் என்றால் காயே வருகிறது. மில்லில் இப்போது அவர் காதுக்கவசம் அணிகிறார். சில நேரம் அதைக் கழற்றாமலே, பழக்கத்தில், ஓடும் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார்.